வடமராட்சிக்குப் போகிறவர்களுக்கு: மில், சந்தை, மணற்காடு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற பலர் சாமான் வாங்குவதைக் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் அது சரிவராது. கறித்தூள் திரிக்கவே மூன்று நாள் வேண்டும்.

அதனால் போன முதல் வாரமே நெல்லியடிச் சந்தைக்குப் போங்கள். காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்து வாங்கலாம். மல்லியைக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, கறிவேப்பிலையும் சேர்த்து மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். திரித்து வந்த தூள் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். என் மாமி ஒருமுறை அவசரத்தில் சூட்டோடு கட்டித் தந்தா. பை உள்ளே வியர்த்து, தூள் கட்டி கட்டியாகிவிட்டது. ஆறிய தூளை இரட்டைப் பையில் கட்டி, கையில் கொண்டுபோகாமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.

பனைச் சாமானுக்கு சூப்பர் மார்க்கெட் வேண்டாம். ஓலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டி, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், கூழுக்கு ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டு எல்லாம் சந்தையிலேயே இருக்கும். விற்கிற அம்மாமாரிடம் ஐம்பது நூறுக்குப் பேரம் பேசாதீர்கள். பனங்கட்டியாகட்டும் பனாட்டாகட்டும், அதற்குப் பின்னால் எவ்வளவு வேலை என்று ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். “எப்ப வந்தனீங்கள் பிள்ளை?” என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள்.

பருத்தித்துறை தட்டை வடையை வீட்டில் சுடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், புறப்படும் நாளுக்குச் சுட்டுத் தருவார்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மட்டும் அங்கேயே ஆசை தீரச் சாப்பிட்டுவிடுங்கள். பழங்களைப் பல நாடுகளின் விமான நிலையங்களில் பறித்துவிடுவார்கள்.

அப்புறம், பார்க்கிற இடங்கள். பருத்தித்துறையில் தெருமூடி மடத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். தெருவுக்கு மேலேயே கூரை. இரு பக்கமும் கல் தூண்கள், திண்ணைகள். வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய மடம். ஓட்டோவில் இருந்தபடி கடந்து போகாமல், இறங்கி அந்தத் திண்ணையில் ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள். கல்லின் குளிர்ச்சி தெரியும்.

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் 65 ஆலிலைகளில் அமுது படைப்பார்கள். பூசகர் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் சொல்லாமல் பூசை செய்வார். மதியம் மடத்தில் அன்னதானத்துக்கு எல்லோரோடும் பந்தியில் இருந்து சாப்பிடுங்கள். முடிந்ததைக் கொடுத்துவிட்டு வரலாம். வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு ஆண்கள் வேட்டியோடு போவதே வசதி. உள்ளே மேற்சட்டை கழற்ற வேண்டும்.

வல்லிபுரத்திலிருந்து மணற்காடு கிட்டத்தான். மணல் மூடிய பழைய தேவாலயத்தின் சுவர்கள், சவுக்குத் தோப்பு, பிறகு கடல். பின்னேரம் நாலு மணிக்குப் போனால் மணல் சுடாது. கடலில் இறங்குமுன் அங்குள்ள மீனவர்களிடம் கேளுங்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். ஓட்டோக்காரரை நிற்கச் சொல்லிவிட்டே இறங்குங்கள், இருட்டினால் அங்கே வேறு ஓட்டோ பிடிப்பது கஷ்டம்.