நடைக்குப் பரிசாகப் புரோட்டா: நீரிழிவுள்ளோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது, இங்கு 400,000க்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாகவும், இதே போக்கு நீடித்தால் 2050க்குள் அந்த எண்ணிக்கை ஒரு மில்லியனை எட்டக்கூடும் என்றும் எச்சரித்தது. சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம் என்பதைத் தேசிய ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. ஆகவே, நடக்க வேண்டும், அளவோடு சாப்பிட வேண்டும் என்பது நம்மவர்களுக்குப் புதிய செய்தியன்று. நண்பர்களோடு சேர்ந்து ஒழுங்காக நடந்தும், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு அசைய மறுக்கிறதே என்று வியப்பவர்களுக்காகவே இக்கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்த குழு, வேர்வை அடங்குமுன் காப்பிக்கடையில் இரண்டு மேசைகளை இழுத்துப் போட்டு அமர்கிறது. ஆளுக்கு இரண்டு கோசோங் (உள்ளே எதுவும் வைக்காத) புரோட்டா, கிண்ணத்தில் மீன் குழம்பு, பக்கத்தில் நுரை ததும்பும் தே தாரே எனும் பால் தேநீர். "அதான் நடந்தாச்சே" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 130 கலோரி. ஒரு கோசோங் புரோட்டாவில் மட்டும் சுமார் 200 கலோரி உண்டு. ஒரு மணி நேர நடையின் கணக்கில் பெரும்பகுதி முதல் புரோட்டாவிலேயே தீர்ந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய பிழை, நடையை உணவுக்கு ஈடுகட்டும் கணக்காக எண்ணுவதே ஆகும். உழைக்கும் தசை, இன்சுலினின் உதவியில்லாமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோசை உள்ளிழுத்துக்கொள்கிறது. அதன் பிறகும் ஓரிரு நாள்களுக்கு உடல் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. நடையின் உண்மையான பயன் இதுதான். எனவே, ஞாயிறன்று மட்டும் நீண்ட தூரம் நடந்துவிட்டு ஆறு நாள் உட்கார்ந்திருப்பதைவிட, இரவு உணவுக்குப் பின் புளோக்கைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடப்பதும், தொடர்ந்து இரண்டு நாள் பயிற்சியே இல்லாமல் போகாதபடி பார்த்துக்கொள்வதும், வாரத்துக்கு 150 நிமிடத்தை எட்டுவதும் மேலானவை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. ஹெல்தி 365 செயலியில் பத்தாயிரம் காலடி காட்டிவிட்டது என்ற திருப்தியில் நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

குழுவின் நடை காப்பிக்கடையில் முடியத்தான் வேண்டுமென்றால், பாலும் சீனியும் சேர்க்காத தே ஓ கோசோங் இருக்கவே இருக்கிறது. கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல், பானங்களை 'ஏ' முதல் 'டி' வரை தரம்பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முறை விரிவுபடுத்தப்பட்டதால், 100 மில்லிலிட்டரில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளவை 'டி' தரத்தில் வருவதைப் பார்க்கலாம். ஆனால், அந்த எழுத்து பானத்துக்கு மட்டுமே உரியது. புரோட்டாவுக்கு எந்த எழுத்தும் ஒட்டப்படுவதில்லை.

அடுத்த தவறு இன்னும் ஆபத்தானது. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, "வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று வெறும் வயிற்றோடு வேகநடைக்குக் கிளம்புவோர் பலர் உள்ளனர். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இதனால் சர்க்கரை அளவு அபாயகரமாகச் சரிவது அரிது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்ளசைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் அப்படியன்று. அவர்கள் கிளம்புமுன் அளவைப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் சிறிது மாவுச்சத்து உண்ட பிறகே புறப்பட வேண்டும். மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்தால், அன்று நள்ளிரவிலும் அளவு சரியக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கை நடுங்கி, வேர்த்து, அளவு 4க்குக் கீழே இறங்கும்போது, பயத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவது மிதமிஞ்சி உண்ணும் பழக்கத்துக்கு யாரும் எதிர்பாராத ஒரு வாசலாகிவிடுகிறது. தேவைப்படுவது பதினைந்து கிராம் சர்க்கரைதான்: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் பொறுத்து, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். சாக்லெட் உதவாது, ஏனெனில் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சர்க்கரையற்ற குளிர்பானமோ எந்தப் பயனும் தராது. முன்னிரவில் அடிக்கடி அடங்காப் பசி எடுப்பவர்கள், அது நாவின் ஆசையா, மருந்தின் அளவு மிகுந்ததன் அறிகுறியா என்பதை ஒரு முறை விரலில் குத்திப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, மருத்துவரிடம் சொல்வது நல்லது. தாமாகவே மருந்தைக் குறைப்பது சரியன்று.

மாறாக, கடும் பயிற்சிக்குப் பின் அளவு சற்று ஏறியிருப்பதைக் கண்டு, "எனக்கு உடற்பயிற்சி ஒத்துவரவில்லை" என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அட்ரினலின் சுரந்து கல்லீரல் குளுக்கோசை வெளியிடுவதால் நேரும் இந்த ஏற்றம் தற்காலிகமானது. ஆனால், பயிற்சிக்கு முன்பே அளவு 14க்கு மேல் இருந்து, உடல்நிலையும் சரியில்லை எனத் தோன்றினால், அன்று ஓய்வெடுத்து மருத்துவ ஆலோசனை பெற வேண்டும். விழித்திரை முற்றிய நிலையில் பாதிக்கப்பட்டவர்கள், மூச்சை அடக்கிப் பளு தூக்கக் கூடாது.

கால்களைப் பற்றி நம் சமூகத்துக்கென்றே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை வரை வெறுங்காலுடன் நடப்பவர்களில் நீரிழிவுள்ளவர்களும் இருக்கிறார்கள். நரம்பு மரத்துப்போன பாதத்துக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணாகி, துர்நாற்றம் வந்த பிறகே கவனிக்கப்படும் நிலையும் உண்டு. நேர்த்திக்கடனைக் கைவிடச் சொல்வது என் நோக்கமன்று. முன்கூட்டியே பாதப் பரிசோதனை செய்துகொள்வதும், உணர்ச்சி குறைந்திருப்பது தெரிந்தால் வேறு வகையில் வேண்டுதலைச் செலுத்துவதும் முருகனுக்கு ஏற்காமல் போகாது. அன்றாட நடைக்குச் செருப்பைத் தவிர்த்து, விரல்களை நெருக்காத காலணியையும் காலுறையையும் அணிவதும், வீடு திரும்பியதும் பாதத்தின் அடிப்புறத்தைக் கண்ணாடியில் பார்ப்பதும் பாதுகாப்புத் தரும்.

மிதமிஞ்சி உண்பதைப் பட்டினியால் வெல்ல முயல்வது, பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. நேற்று விருந்தில் அதிகம் சாப்பிட்டோம் என்று இன்று பகலில் ஒன்றும் உண்ணாமல் இருந்தால், இரவு பத்து மணிக்குக் குளிர்பதனப் பெட்டியின் கதவு தானே திறப்பது போலத்தான் இருக்கும். உண்டதற்குத் தண்டனையாக மறுநாள் இரட்டிப்பு நேரம் ஓடுவதும் அதே சுழலைச் சார்ந்ததே. வேளை தவறாமல் சாப்பிட்டு, தட்டில் பாதியைக் காய்கறிக்கும், கால் பங்கை மீன், பருப்பு போன்றவற்றுக்கும், மீதிக் கால் பங்கைச் சோற்றுக்கும் ஒதுக்குவது சுவாரசியமற்ற அறிவுரைதான். ஆயினும், வேலை செய்வது அதுவே. யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல் அடிக்கடி உண்ணும் நிலை இருந்தால், அது மன உறுதிக் குறைவு அன்று. சிகிச்சையுள்ள ஒரு கோளாறு. அதற்கு நடைக்குழு போதாது; மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நடைக்குழு செய்யக்கூடியவை வேறு: மழை பெய்தாலும் வாக்களித்தபடி கீழ்த்தளத்துக்கு இறங்கி வர வைப்பது, யார் இன்சுலின் போடுகிறார் என்பதை அறிந்து பையில் மிட்டாய் வைத்திருப்பது, சறுக்கிய வாரத்தை இயல்பாகப் பேச இடம் தருவது. ஆனால், பல குழுக்களில், அடுத்தவர் தட்டைப் பார்த்து, "அண்ணே, இதெல்லாம் நீங்க சாப்பிடலாமா?" என்று எல்லோர் முன்னும் கேட்கும் ஒருவர் இருப்பார். கேட்கப்பட்டவர் அங்கே கையை இழுத்துக்கொண்டு வீட்டில் தனியாகச் சாப்பிடுவார். வாட்ஸ்அப்பில் நல்ல எண்களை மட்டும் பதிவிடும் வழக்கமும் இப்படித்தான். அளவு கூடியவர் மெல்லப் பேச்சைக் குறைத்து, பிறகு நடைக்கும் வராமல் போகிறார். எச்பிஏ1சி 7 விழுக்காடு என்பது பலருக்கும் பொதுவான இலக்கு என்றாலும், முதியவர்களுக்கும் வேறு நோயுள்ளவர்களுக்கும் மருத்துவர் அதைத் தளர்த்துவதுண்டு. ஆகவே, ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

நண்பர் கொடுத்தார் என்று மாத்திரையையோ, பெயர் தெரியாத மூலிகைப் பொடியையோ வாங்கி உண்பதை மட்டும் எக்காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. 2008ஆம் ஆண்டில் சிங்கப்பூரில், சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மை ஊக்க மாத்திரைகளில் நீரிழிவு மருந்தான கிளிபென்கிளமைடு கலந்திருந்ததால், நீரிழிவே இல்லாத ஏறக்குறைய 150 பேர் இரத்தச் சர்க்கரை சரிந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் நால்வர் உயிரிழந்தனர். ஏற்கெனவே நீரிழிவு மருந்து எடுப்பவரின் உடலில் அப்படியொரு கலப்படம் சேர்ந்தால் சரிவு இன்னும் கடுமையாக இருக்கும். யாராவது அப்படி எதையேனும் கொடுத்திருந்தால், அதை உறையோடு எடுத்துச் சென்று, அடுத்த சந்திப்பின்போது பலதுறை மருந்தகத்தின் மருந்தாளரிடம் காட்டலாம். அதுவரை அதைப் பிரிக்க வேண்டாம்.