தட்டு கண்முன் இருக்கும்போதே எழுதுங்கள்

தாதிமை இல்லத்தில் சாப்பாட்டுக் குறிப்பு எழுதும்போது நாம் அதிகம் செய்யும் தவறு, தட்டை எடுத்துப் போன பிறகு ஞாபகத்தில் இருந்து எழுதுவதுதான். பன்னிரண்டு மணிக்கு வைத்த சாப்பாட்டுக்கு மூன்று மணிக்கு, ஷிஃப்ட் முடியும் அவசரத்தில், "முக்கால்" என்று போட்டுவிடுகிறோம். எங்கள் வார்டில் ஒரு பாட்டிக்கு நாள்தோறும் முக்கால்தான். ஒருநாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ரசம் ஊற்றிய சோறு இறங்கியது; மீனைத் தொடவில்லை, முட்டையை டிஷ்யூவில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். முக்கால் தட்டு காலி, புரதம் ஒன்றுமே இல்லை! அதனால் சோறு, மீன், காய் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கால், அரை என்று எழுதுங்கள். மைலோ, சத்துப் பால் எவ்வளவு குடித்தார் என்பதும் சேரவேண்டும்.

அடுத்தது எடை. இந்த மாத எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் ஆறு மாதத்தில், தானாக, 60 கிலோவிலிருந்து 53க்கு இறங்கினால் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) 22தான், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் இறங்கிய எடை 10 சதவீதத்துக்கு மேல். சத்துக் குறைவு ஆபத்தைக் கணிக்கும் 'மஸ்ட்' மதிப்பீட்டில் அதற்கே 2 புள்ளி, அதாவது அதிக ஆபத்து. கால் வீங்கியிருந்தால் நீரின் எடை உண்மையை மறைத்துவிடும், அதையும் குறிப்பில் எழுதுங்கள். சக்கர நாற்காலியோடு எடை பார்ப்பவர்களுக்கு நாற்காலி எடையைக் கழிக்க மறக்காதீர்கள். படுக்கையிலேயே இருப்பவருக்கு எடை பார்க்க முடியவில்லை என்று கட்டத்தைக் காலியாக விடவேண்டாம், கெண்டைக்காலைச் சுற்றி நாடாவால் அளக்கலாம். 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவு, அதனால் சத்துக் குறைவு என்று முடிவு கட்டுவதும் தவறு. கிருமித்தொற்று வந்தாலே அது இறங்கும்.

அப்புறம், "பசி இல்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது. எனக்கு இதுதான் மனதை உறுத்துவது. வாய்ப்புண், மலச்சிக்கல், விழுங்கச் சிரமம், மனச்சோர்வு, புது மாத்திரை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். சிலர் வெள்ளிக்கிழமை அசைவம் தொடமாட்டார்கள், கேட்காமல் கோழியை வைத்தால் அப்படியே திரும்பி வரும். குடும்பத்தார் வந்தால், வீட்டில் என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள்.

அந்தப் பாட்டியிடம் தமிழில், "ஏன் பாட்டி மீன் பிடிக்கலையா?" என்று கேட்டேன். "பிடிக்கும்மா, பல் செட்டு ஆடுது, மெல்ல முடியல" என்றார். எடை இறங்கியதில் ஈறு சுருங்கிப் பல் செட் தளர்ந்திருக்கிறது. பல் மருத்துவரிடம் காட்டும்வரை மீனை உதிர்த்து, முள் பார்த்து, ரசச் சோற்றில் பிசைந்து கொடுத்தோம்.