தொட்டிக்குள் அயிரையை விடுவதற்கு முன்

ஆற்றை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவர ஃப்ளூம் என்கிற நீண்ட கண்ணாடித் தொட்டி இருக்கிறது. ஒரு முனையில் பம்ப் தண்ணீரைத் தள்ளும், மறுமுனையில் ஒரு பலகை ஆழத்தைப் பிடித்து நிறுத்தும். நடுவில் கோரையை நட்டோ மீனை விட்டோ, ஓட்டமும் உயிரும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்போம். மதுரையில் மாணவர்களோடு இந்தத் தொட்டியருகே நின்ற வருடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு, செடிக்குப் பதில் குச்சி நடுவது. விறைத்த குச்சியின் மேல் நீரின் வேகம் இரட்டித்தால் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். வைகை வெள்ளத்தில் நாணல் தலைசாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அப்படி எதிர்த்து நிற்காது. வளைந்து, இலையை ஒடுக்கிக்கொள்ளும்; விசை நான்கு மடங்குக்குக் குறைவாகவே ஏறும். குச்சிக் கணக்கை நம்பினால் வெள்ளக் காலத்தில் செடி தரும் தடையை மிகைப்படுத்திவிடுவோம். சீமைக்கருவேல் அடிமரத்துக்கு வேண்டுமானால் குச்சி பொருந்தும். நிஜச் செடி என்றால் வேரோடு, அன்றைக்கே எடுத்தது வேண்டும். ஒருமுறை வெள்ளிக்கிழமை அறுத்த கோரையைத் திங்கட்கிழமை நட்டோம். தண்டு தொய்ந்துபோய், அந்த அளவீடுகள் அத்தனையும் வீணாயின.

அடுத்த தவறு, மீனையும் மாதிரியாகச் சுருக்குவது. அணை மாதிரியை 25-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், ஃப்ரூட் விதிப்படி (மாதிரியின் அளவுக்கேற்ப நீரின் வேகத்தை எவ்வளவு குறைப்பது என்று சொல்லும் விதி) வேகத்தை 5-இல் ஒரு பங்காக்கலாம். மீனை அப்படிச் சுருக்க முடியாது. பெரிய கெண்டைக்குப் பதிலாகக் குஞ்சை விட்டால், நீரின் பிசுபிசுப்பு அதே அளவில் இருப்பதால் குஞ்சின் நீச்சலே வேறாகிவிடும். மீன் சோதனைக்கு உண்மை அளவும் உண்மை வேகமும்தான் வேண்டும். தொட்டி சிறியதா? ஆற்றில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வேகத்தை ஒரே எண்ணாக எழுதுவது. மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் அளக்கும் வழக்கம் ஆற்றின் நீரளவைக் கணிக்க வந்தது. அயிரை அந்த உயரத்தில் வாழ்வதில்லை. மணலோடு ஒட்டிக் கிடக்கும், மணலுக்குள் புதையும். அங்கே ஓட்டம் மெதுவானது. அதன் மூக்கருகே அளக்க வேண்டும். வெறும் கண்ணாடித் தரையில் விட்டால் பாவம், அதற்குப் பிடிமானமே இல்லை. சில சென்டிமீட்டர் மணலாவது பரப்புங்கள். சுவரோரம் ஓட்டம் குறைவதால் மீன் மூலையில் ஒதுங்கும். நடுப்பகுதி சுவரின் பாதிப்பில்லாமல் இருக்க, தொட்டியின் அகலம் ஆழத்தைப்போல் 5 மடங்காவது இருக்கட்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், நேரடியாக ஊற்றாதீர்கள். சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீரைப் பம்ப் சூடாக்கும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5 அளவுதான். குளிர்நாட்டு மீன்களின் நீச்சல் எண்களை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது. 5 மீன்களை நான்கு முறை ஓடவிட்டுவிட்டு 20 மீன் என்று எழுதுவதும் கூடாது.

கடைசியாக, எப்போதும் சீரான ஓட்டத்திலேயே சோதிப்பது. சித்திரைத் திருவிழாவுக்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்தால், காய்ந்த மணலில் அது நுரையோடு வரும். நிறுத்தியதும் வடிந்து குட்டைகளாக நிற்கும். ஏறும்போது அடித்துச் செல்லப்படும் மீனைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள், வடியும்போது குட்டையில் சிக்கும் மீனை மறந்துவிடுகிறார்கள். தொட்டியில் ஓட்டத்தைக் குறைக்க வால்வை எத்தனை நிமிடத்தில் மூடினீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.