அடிமை விடுதலைக்குப் பிந்தைய கறுப்பினத் தொழிலாளரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டு, பெயர் மாறிப்போவதெல்லாம் மெய்ப்புப் பார்க்கும்போது சரியாகிவிடும். அமெரிக்கத் தென் மாநில வரலாற்றைப் புதிதாக எழுத வருபவர்களிடம் நான் பார்ப்பது வேறு. நான் விழுந்த அதே குழிகள்.

சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லைத் தேடுவது

அடிமைமுறை முடிவுக்கு வந்த 1865இல் தென் மாநிலங்கள் கறுப்பருக்கென்றே போட்ட சட்டங்கள் ஒளிவுமறைவில்லாதவை. மிசிசிப்பியில் விடுதலையானவர் ஒவ்வொரு ஜனவரியிலும் வேலைக்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடியுமுன் கிளம்பினால் அந்த ஆண்டு அதுவரை உழைத்த கூலி போச்சு. தென் கரோலினாவில் கறுப்பர் கைத்தொழில் செய்ய 10 டாலர், கடை வைக்க 100 டாலர் உரிமக் கட்டணம். 1866இல் ராணுவ ஆணைகளும் குடிமை உரிமைச் சட்டமும் இவற்றைப் பெரும்பாலும் முடக்கின. அதற்குப் பிந்தைய தொழிலாளர் சட்டங்களைப் புரட்டினேன், நிறம் பற்றிப் பேச்சே இல்லை. கட்டுப்பாடு ஒழிந்தது என்று ஒரு பத்திரிகைத் தொடரில் எழுதிவிட்டேன்.

அச்சேறிய பிறகு ஒரு வாசகரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது: "அப்படியானால் 1911இல் பேனர் சுரங்கத்தில் செத்தவர்கள் யார்?"

அலபாமாவில் நடந்த அந்த வெடிவிபத்தில் 128 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் கறுப்பினக் கைதிகள், பலர் சில்லறைக் குற்றங்களுக்காக உள்ளே போனவர்கள். வேலையின்றித் திரிவது குற்றம் என்ற சட்டத்தில் நிறம் கிடையாதுதான். யாரைப் பிடிப்பது என்பது உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரீப்பின் கையில் இருந்தது. அபராதத்தோடு வழக்குச் செலவும் ஏறும், கட்ட முடியாதவரை நிலக்கரி நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவார்கள். அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தமே 'குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி' என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அலபாமா இந்தக் கைதிக் குத்தகையை நிறுத்தியது 1928இல். திருத்தம் வெளியிடுங்கள் என்று பத்திரிகையிடம் கெஞ்சினேன், தொடரையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே சட்டத்தோடு கைதுப் பதிவேட்டையும் குத்தகைக் கணக்கையும் படியுங்கள்.

தீர்ப்போடு கதையை முடிப்பது

முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவரைக் குற்றவாளியாக்கிய அலபாமா சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1911இல் ரத்து செய்தது. அதே மாதிரியான ஜார்ஜியா சட்டம் 1942 வரையும், புளோரிடா சட்டம் 1944 வரையும் தாக்குப்பிடித்தன.

பருத்தி வயலை மட்டும் பார்ப்பது

ஆலைக்குள்ளும் போங்கள். தென் கரோலினாவின் 1915 சட்டப்படி நெசவாலையில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை செய்யக் கூடாது. இங்கே நிறத்தை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ரத்தானது 1960இல்.

வெறும் பலியாட்களாகக் காட்டுவது

வேண்டாம். 1908இல் அலபாமா நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே நின்றார்கள். அவர்களின் கூடாரங்களை வெட்டிச் சாய்க்க ஆளுநர் கோமர் படையை அனுப்ப வேண்டியிருந்தது.