முதல் வேலைக்குப் புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் படிப்பை முடிக்கும் பிள்ளைகளின் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து வழிவழியாகப் போய்வரும் வளைகுடா நாடுகள் ஒன்று. சென்னை, திருப்பூர், ஓசூர் நிறுவனங்கள் மற்றொன்று. ஊரிலேயே கடலை நம்பிச் செய்யும் தொழில் மூன்றாவது. எந்த வழியில் போனாலும், சொல்லப்படும் சம்பளத்தை மட்டும் பார்க்காமல், வேலையில் சேர எவ்வளவு செலவாகும், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும், இவற்றுக்கு எழுத்தில் என்ன சான்று இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

கடன் பெரிதாக விழுவது வெளிநாட்டு வேலையில்தான் என்பதால் அதை முதலில் பார்ப்போம். ஆள் எடுக்கும் முகவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர்தானா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்பது பதிவுக்கு ஈடாகாது. பதிவு பெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. அதற்கு மேல் கேட்டாலோ, ரசீது தர மறுத்தாலோ, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 1,20,000 ரூபாயை மாதம் மூன்று வட்டிக்கு வாங்கிப் போகிறவர் வட்டியாக மட்டும் மாதம் 3,600 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம் முடிவதற்குள் அது 86,400 ரூபாய் ஆகிவிடும், முதல் அப்படியே நிற்கும். நகையை அடகு வைக்கும் முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

“விசிட் விசாவில் வாருங்கள், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வேலை விசா இல்லாமல் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் நின்றுபோனால் முறையிடும் வழி மிகவும் குறுகிவிடும்; அபராதமும் நாடு கடத்தலும் அவர் தலையில்தான் விழும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். தேறியவர்களுக்கு அது கட்டாயமில்லை என்றாலும், அந்த அனுமதிக்காக நடக்கும் ஒப்பந்தச் சரிபார்ப்பும் அவர்களுக்கு இல்லாமல் போகிறது. எனவே அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பி வரும் பயணச் செலவு ஆகியவற்றை அவர்கள் வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

உள்நாட்டு நிறுவனம் என்றால் கேட்க வேண்டிய கேள்வி, “கைக்கு எவ்வளவு வரும்?” என்பதே. 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் அடிப்படை 12,000 என்றால், வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடாக 1,440 ரூபாயும், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடாக ஏறத்தாழ 113 ரூபாயும் பிடித்தம் போக 13,447 ரூபாய் வரும். விடுதி வாடகையும் சாப்பாடும் அதிலிருந்துதான். இந்தப் பிடித்தங்கள் நட்டமல்ல, முதலாளியும் தம் பங்கைச் சேர்த்துக் கட்டுகிறார். வைப்பு நிதிக்குப் பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்பதை, அந்த நிதிக்காக உங்களுக்குத் தரப்படும் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு மாதந்தோறும் பாருங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

ஊரில் தங்குவதைத் தோல்வியாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் விசைப்படகு வேலைக்குப் போகிறவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் இராது என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். கடல்பாசி வளர்க்க விரும்புகிறவர், விலை பச்சைப் பாசிக்கா காய்ந்த பாசிக்கா என்று முதலில் கேட்க வேண்டும். காய்ந்தால் எடை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். கடல் நீர் சூடேறும் கோடையில் பாசி அழுகுவதும் உண்டு. கூண்டு மீன் வளர்ப்பைப் பற்றி அறிய, மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்தை அணுகலாம். கடன் வாங்கும் முன் ஒரு பருவமாவது பிறரிடம் கூலிக்கு வேலை செய்து பாருங்கள். பிறகு மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, மானியம் எப்போது கணக்கில் வரவு வைக்கப்படும், அதுவரை எந்தத் தொகைக்கு வட்டி ஓடும் என்பதை வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.