கோடில் எழுத்துப்பிழை: எதைத் திருத்தலாம், எதில் கை வைக்கக்கூடாது

‘லெங்த்’ என்று அடிக்கும்போது கடைசியில் வரும் டி-யும் எச்-சும் இடம் மாறிவிடும். பார்த்ததும் திருத்தக் கை பரபரக்கும். அதற்கு முன், அந்தப் பெயர் உங்கள் ரெப்போவை (கோடு இருக்கும் களஞ்சியத்தை) தாண்டி வெளியே போகிறதா என்று பாருங்கள்.

கமெண்ட், லோக்கல் வேரியபிள், பிரைவேட் ஃபங்ஷன் என்றால் தயங்கவே வேண்டாம். எடிட்டரின் ரீநேம் வசதியால் மாற்றிவிட்டு, பழைய பெயரை கிட் கிரெப்பில் (ரெப்போ முழுக்கச் சொல் தேடும் கட்டளை) ஒருமுறை தேடுங்கள். ஸ்டிரிங்குக்குள்ளும் டெம்ப்ளேட்டிலும் கான்ஃபிக் ஃபைலிலும் இருப்பது ரீநேமுக்குப் பெரும்பாலும் சிக்காது. இந்த மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள். வேறு வேலையோடு கலந்தால் ரிவியூ செய்பவர் பாடு திண்டாட்டம்.

ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் உங்களுடையதோடு பேசும் வாசல்) ஃபீல்ட், டேட்டாபேஸ் டேபிளின் காலம் (நெடுவரிசை), லைப்ரரியின் பப்ளிக் ஃபங்ஷன் இவையெல்லாம் வேறு ரகம். பிழையை நம்பியே அடுத்தவர் கோடு ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சர்வரிடம் சொல்லும் எச்டிடிபியின் ‘ரெஃபரர்’ ஹெடரில் நடுவில் ஓர் ஆர் குறைவு. 1996-இல் ஆர்எஃப்சி 1945 என்ற எண்ணுள்ள எச்டிடிபி ஆவணத்தில் அப்படியே ஏறியது, இன்றும் அப்படியே இருக்கிறது. பின்னால் வந்த ‘ரெஃபரர்-பாலிசி’ ஹெடரில் மட்டும் இரட்டை ஆர்!

ஃபங்ஷன் என்றால் சரியான பெயரில் புதிதாக ஒன்று எழுதி, பழையது அதைக் கூப்பிடும்படி வையுங்கள். பழையதைக் கூப்பிட்டால் டெப்ரிகேஷன் எச்சரிக்கை (‘இது விரைவில் நீக்கப்படும்’ என்பது) வரட்டும். அடுத்த மேஜர் வெர்ஷனில் எடுத்துவிடலாம். ஜேசன் ஃபீல்டில் இரண்டு பெயரையும் வாங்குங்கள், இரண்டையும் அனுப்புங்கள். இரண்டிலும் வெவ்வேறு மதிப்பு வந்தால் எது செல்லும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

டேட்டாபேஸ் காலத்தை நேரடியாக ரீநேம் செய்தால், டிப்ளாய் (புதுக் கோடை சர்வர்களில் ஏற்றுவது) முடியும்வரை ஓடும் பழைய சர்வர்கள் பழைய பெயரைத் தேடி எரர் அடிக்கும். புதுக் காலம் சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய வரிசைகளைச் சிறுசிறு தொகுதியாக நகலெடுத்து, படிப்பதைப் புதியதற்கு மாற்றி, கடைசியாகப் பழையதை நீக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்துக்கு இத்தனை பாடா என்று தோன்றினால், காலத்தை விட்டுவிட்டு ஓஆர்எம் (டேட்டாபேஸ் டேபிளைக் கோடின் கிளாஸோடு இணைக்கும் லைப்ரரி) மேப்பிங்கில் மட்டும் சரியான பெயர் வைப்பதே புத்திசாலித்தனம்.

பைத்தானில் இன்னொரு வம்பு: ஆட்ரிபியூட் பெயரைத் தப்பாக எழுதி மதிப்புக் கொடுத்தால், எரரே இல்லாமல் புது ஆட்ரிபியூட் உருவாகிவிடும். கிளாஸில் ஸ்லாட்ஸ் (அனுமதித்த ஆட்ரிபியூட் பெயர்களின் பட்டியல்) வைத்தால் அங்கேயே பிடிபடும்.

புதுப் பிழைகளைத் தடுக்க சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) கோட்ஸ்பெல் என்ற எழுத்துப்பிழை தேடும் கருவி ஓடட்டும். வேண்டுமென்றே விட்டுவைத்த பெயர்களை அதன் இக்னோர் பட்டியலில் சேர்த்து, கோடிலும் பக்கத்திலேயே ‘தெரிந்தே விட்டது, மாற்றாதீர்கள்’ என்று ஒரு கமெண்ட் போட்டுவையுங்கள்.