17 வயசு பையன் வீட்டை விட்டு போனா போலீஸ் புகார், என் அனுபவம்

அண்ணன் பையன் சண்டை போட்டு கிளம்பிட்டான், போன் சுவிட்ச் ஆஃப். ஸ்டேஷன்ல '24 மணி நேரம் பாருங்க, தானா வந்துருவான்'னு அனுப்பிட்டாங்க, அடுத்த ஸ்டேஷன்ல எங்க லிமிட் இல்லன்னாங்க, ஃப்ரெண்ட்ஸ் வீடெல்லாம் அலைஞ்சதுல நாள்தான் போச்சு.

அப்புறம்தான் ஒரு வக்கீல் சொன்னாரு, 18 முடியாதவங்க காணோம்னா காத்திருக்கவே வேணாம், எஃப்ஐஆர் போடணும்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, லிமிட் இல்லன்னா ஜீரோ எஃப்ஐஆர் (எந்த ஸ்டேஷன்லயும் போட்டு, அப்புறம் உரிய ஸ்டேஷனுக்கு மாத்துறது) இருக்குன்னு. இதுல விசித்திரம் என்னன்னா, நாங்க குடுத்த போட்டோல அவன் தாடியோட இருக்கான், அதைப் பாத்து 18 முடிஞ்ச மேஜர்னே போலீஸ் நினைச்சிருக்காங்க! பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ மனுவோட சேத்து குடுத்தோம், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் போன் பண்ணோம், அன்னைக்கே எஃப்ஐஆர் போட்டாங்க, ஆளும் கிடைச்சான், அப்பாடா.

18 முடிஞ்சிருந்தா மிஸ்ஸிங் கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்தான், ஆனா 'நானாதான் போனேன்'னு அவங்க சொல்லிட்டா போலீஸ் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்ப முடியாது.